நான்கு மினாராக்கள் கண்டு நடுங்கிய நாடு!

தோழனே!

மக்களாட்சியின் மாண்பினை மேடையிலே விளக்க வருவோர், எடுத்துக்காட்டுக்கு நாடொன்று தேவைப்படும்போதெல்லாம் எந்த நாட்டின் பெயரை உச்சரிக்கிறார்கள் என்பதை நீ கவனித்திருப்பாய். சுவிட்சர்லாந்து! அரசன் இல்லை அங்கே. ஒருவர் கையிலே ஆட்சி குவிவதும் இல்லை. ஏழு பேர் கொண்ட அவை ஆள்கிறது. நான்கு மொழிகளுக்கு நாட்டு மொழி என்ற தகுதி. 26 மாநிலங்கள், ‘காண்டன்’ என்று அவற்றுக்குப் பெயர். சட்டம் பிடிக்கவில்லையா, மக்கள் கையெழுத்துத் திரட்டலாம். அரசியல் சட்டத்திலேயே திருத்தம் வேண்டுமா, 18 திங்களுக்குள் 1,00,000 கையெழுத்து சேர்த்தால் போதும், நாடே வாக்களித்துத் தீர்ப்புக் கூறும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச் சீட்டைத் தொட்டுப் பார்க்கும் நமக்கு, ஆண்டுக்குப் பலமுறை வாக்களிக்கும் அந்த மக்களைக் கண்டால் பொறாமைகூடப் பிறக்கும்.

அந்த நாட்டின் அரசியல் சட்டத்திலே, 72ஆம் பிரிவிலே, மூன்றாவது உட்பிரிவாக ஒரு வரி இருக்கிறது. மிகச் சிறிய வரி. மினாராக்கள் கட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது என்பதே அந்த வரி. விளக்கவுரை இல்லை, விதிவிலக்கு இல்லை. எந்த உயரத்துக்கு மேல், எந்த இடத்தில், எந்த ஊரில் என்ற பேச்சே இல்லை. ஒரே வரி, ஒரே வெட்டு!

மினாரா என்றால் உனக்குத் தெரியும். பள்ளிவாசலின் மேலே நெடிதுயர்ந்து நிற்கும் தூண் போன்ற கோபுரம். தேவாலயத்திற்கு மணிக்கூண்டு போல, கோயிலுக்குக் கோபுரம் போல, பள்ளிவாசலுக்கு மினாரா. அது இல்லாவிட்டால் தொழுகை நடவாது என்பதல்ல. அது இருந்தால், இங்கே எம் மக்கள் வாழ்கிறார்கள் என்று தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அது சொல்லும். தடை செய்யப்பட்டது அந்தச் சொல்தான்!

அத்தனை பெரிய சட்டத்திலே அத்தனை சிறிய கோபுரத்துக்குத் தடை விதிக்க வேண்டுமானால், நாடெங்கும் மினாராக்கள் காடாக வளர்ந்து, ஆல்ப்ஸ் மலையையே மறைத்துவிட்டன போலும் என்றுதானே நீ எண்ணுவாய்? நானும் அப்படித்தான் எண்ணிக் கணக்கைப் பார்த்தேன். எத்தனை தெரியுமா?

நான்கு!

ஆம், தோழனே! நாலாயிரம் அல்ல, நானூறு அல்ல, நாற்பதும் அல்ல. 2009ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் அந்நாட்டு மக்கள் வாக்களிக்கச் சென்றபோது, சுவிட்சர்லாந்து முழுவதிலும் நின்றிருந்த மினாராக்கள் நான்கே நான்கு.

முதலாவது ஜூரிக் நகரிலே. அகமதியா இயக்கத்தார் எழுப்பிய மஹ்மூத் பள்ளிவாசல் அது. 1963இல் அதைத் திறந்துவைத்தவர், அந்நாளில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தலைவராக இருந்த சர் முகம்மது ஜபருல்லா கான். 18 மீட்டர் உயர மினாரா. எதிரே கிறித்தவ தேவாலயம். தேவாலயத்தின் மணியோசைக்கு மினாரா முகம் சுளிக்கவில்லை, மினாராவின் நிழல் கண்டு தேவாலயமும் அஞ்சவில்லை. ஆண்டுகள் பல அப்படியே கழிந்தன.

இரண்டாவது ஜெனிவாவிலே. 1978இல் சவூதி அரேபியாவின் பொருளுதவியோடு எழுந்தது. 22 மீட்டர் உயரம். மூன்றாவது விண்டர்தூர் நகரிலே, அல்பேனிய முஸ்லிம்களின் பள்ளிவாசல் மேலே. நான்காவது, ஓல்ட்டன் நகருக்கு அருகே வாங்கன் என்ற சிற்றூரிலே. இந்த நான்கில் ஒன்றிலிருந்துகூடப் பாங்கு ஒலி வெளியே கேட்டதில்லை. ஒலிபெருக்கி இல்லை, உரத்த குரல் இல்லை. ஊமைக் கோபுரங்கள்! பேசாத கோபுரத்துக்குத்தான் பெருநாடு வாய்ப்பூட்டுப் போட்டது.

கலகத்துக்குக் காரணமானது நான்காவது கோபுரம். அதன் கதையைக் கேள். வாங்கனில் வாழ்ந்த துருக்கியத் தொழிலாளர்கள் தங்கள் பண்பாட்டு மன்றத்தின் கூரைமேல் சிறியதொரு மினாரா வைக்க விரும்பினர். 6 மீட்டர் உயரம்! பெர்ன் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் கோபுரம் 100 மீட்டருக்கும் மேலே என்பதை நினைவிலே வைத்துக்கொண்டு, இந்த 6 மீட்டரை எண்ணிப் பார். ஊராட்சி மறுத்தது. மன்றத்தார் கற்களை எடுக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை. மனு எடுத்தனர். மாநில அரசிடம் சென்றனர். வழக்கு மன்றம் ஏறியது. 2007இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், கட்டலாம் என்று தீர்ப்பளித்தது. 2009 தொடக்கத்திலே மினாரா கூரையேறியது.

சட்டத்தை மதித்தவன் சட்டத்தால் வென்றான். அதைப் பொறுக்க முடியாதவர்கள், சரி, சட்டத்தையே மாற்றிவிடுவோம் என்று கிளம்பினார்கள். வலதுசாரிக் கட்சிகள் இரண்டைச் சேர்ந்தோர் குழு அமைத்து, 2007ஆம் ஆண்டு மே முதல் நாள் கையெழுத்து வேட்டையைத் துவக்கினர். உழைப்பாளர் திருநாளன்று, உழைக்க வந்தவனின் கோபுரத்தை இடறும் திருப்பணி! 2008 ஜூலைக்குள் தேவையான 1,00,000ஐத் தாண்டிக் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன.

சுவரொட்டி வந்தது. நாட்டின் செங்கொடி கீழே விரிந்து கிடக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு கருநிற மினாராக்கள், ஏவுகணைகளைப் போல எழுந்து நிற்கின்றன. முன்னால் முகம் மூடிய பெண்ணொருத்தி. இதுதான் படம். பாசல் நகரும் லோசான் நகரும், எங்கள் தெருக்களில் இதை ஒட்டாதே என்றன. வேறு பல நகரங்களிலே ஒட்டினார்கள். நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே சொல்கிறேன்: அரங்கிலே ஒரு பொருளை ஆயுதமாகக் காட்டிவிட்டால், பிறகு அது என்ன பொருள் என்று எவனும் கேட்கமாட்டான், எப்போது வெடிக்கும் என்றே காத்திருப்பான். அந்தச் சுவரொட்டியும் அதைத்தான் செய்தது.

எதிர்த்தவர்கள் யாரும் இல்லையா? இருந்தார்கள். அரசாங்கமே எதிர்த்தது. நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை, இந்தத் திருத்தத்தை ஏற்காதீர் என்று மக்களுக்கு அறிவுரை கூறியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர். புராட்டஸ்டண்டுத் திருச்சபையினர் எதிர்த்தனர். யூதர்களின் அமைப்பு எதிர்த்தது. கருத்துக் கணிப்புகளும், இது தோற்கும் என்றே கூறின. பெட்டியைத் திறந்தார்கள். 57.5 விழுக்காட்டினர் தடையை ஏற்றிருந்தனர்! வெளியே வேண்டாம் என்று சொன்ன வாய், திரைக்குள்ளே வேண்டும் என்று எழுதியிருந்தது. ஜெனிவா, வோ, நொசாட்டெல், பாசல் நகரம் ஆகிய நான்கு காண்டன்கள் மட்டுமே மறுத்தன.

இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முஸ்லிம்கள் கூட்டமாக வாழும் இடத்திலல்லவா அச்சம் மிகுந்திருக்க வேண்டும்? மினாரா நிற்கும் ஜெனிவா மறுத்தது. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பாசல் மறுத்தது. மினாராவை 46 ஆண்டுகள் கண்ணெதிரே கண்டுவந்த ஜூரிக் மாநகரமும், காண்டன் வேறு வகையில் வாக்களித்த போதிலும், தடையை ஏற்கவில்லை. ஏற்றது யார்? 71 விழுக்காட்டுக்கு மேல் அள்ளித் தந்து முதலிடம் பெற்றது அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மிகச் சிறிய மலைநாட்டுக் காண்டன். ஒரு மினாராவும் அங்கே இல்லை. அண்டை வீட்டானாக அறிந்தவன் அஞ்சவில்லை. சுவரொட்டியில் மட்டுமே அறிந்தவன் அஞ்சினான். பாம்பைக் கண்டு அலறுபவன் ஒருவகை. பாம்பு என்ற சொல்லைக் கேட்டே அலறுபவன் வேறுவகை. முன்னவனைத் தேற்றலாம், பின்னவனை வைத்துத் தேர்தலில் வெல்லலாம்!

அந்நாட்டிலே அன்று முஸ்லிம்கள் ஏறத்தாழ 4,00,000 பேர். மிகப் பெரும்பாலோர் போஸ்னியா, கொசோவோ, மாசிடோனியா முதலிய பால்கன் பகுதிகளிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தவர்கள். சாலை போட வந்தவர்கள், ஆலையிலே உழைக்க வந்தவர்கள், போரின் கொடுமையால் புகலிடம் தேடி வந்தவர்கள். மினாரா நான்கு என்றேனே, அவர்கள் தொழுவது நான்கே இடங்களில் அல்ல. 200க்கும் மேற்பட்ட தொழுகை இடங்கள் நாடெங்கும் இருந்தன. எங்கே? ஊர் நடுவிலே அல்ல, தேவாலயத்துக்கு எதிரிலே அல்ல. பழைய தொழிற்சாலைக் கூடத்திலே, பண்டகசாலையின் மாடியிலே, வண்டிக் கொட்டகைக்குப் பக்கத்திலே, கட்டடத்தின் நிலவறையிலே! வாசலிலே ஒரு சிறு பலகை. உள்ளே விரிப்பு. வெள்ளிக்கிழமை நண்பகலிலே வேலைக்கிடையே ஓடிவந்து, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, மறுபடியும் வேலைக்கு ஓடும் மக்கள்.

பகல் வெளிச்சத்திலே ஊரார் பார்க்கத் தொழ விடமாட்டார்கள். நிலவறைக்குத் துரத்துவார்கள். துரத்திவிட்டு, அய்யோ பார்த்தீர்களா, இவர்கள் நிலவறையிலே கூடுகிறார்கள், என்ன பேசுகிறார்களோ தெரியவில்லை என்று சந்தேகக் குரல் எழுப்புவார்கள். கதவைச் சாத்தியவனே, ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? மறைந்து வாழ்பவனைக் கண்டு அச்சம் என்றால், அவனை வெளிச்சத்துக்கு அழைப்பதன்றோ மருந்து? வெளிச்சத்தைத் தடை செய்வதா?

தடைக்காரர்களின் வாதங்களையும் தட்டிக்கழிக்காமல் கேட்போம். எதிரியின் வாதத்தைக் கேளாமல் வென்றேன் என்பவன், களம் காணாமலே மாலை சூடியவன்.

முதல் வாதம்: மினாரா வழிபாட்டுக்குத் தேவையானது அல்ல, அது ஆதிக்கத்தின் சின்னம். இதற்கு அவர்கள் காட்டிய சான்று, துருக்கிய அரசியல்வாதி எர்டோகன் 1997இல் ஒரு கூட்டத்திலே ஓதிய கவிதை. மினாராவைப் போர்க்கருவியாக உருவகம் செய்த கவிதை அது. சரி, ஓதினார். அவரைத் துருக்கிய நீதிமன்றமே தண்டித்து, 1999இல் சிறைக்கும் அனுப்பியது. எங்கோ ஓர் அரசியல்வாதி ஓதிய வரிகளுக்கு, வாங்கன் ஊரிலே வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி அபராதம் கட்ட வேண்டுமா? கவிதை ஓதியவன் ஒருவன், கோபுரம் இழப்பவன் மற்றொருவனா? மேலும், தேவையற்றது என்பதற்காகவே தடை என்றால், 100 மீட்டர் மணிக்கூண்டு இல்லாமலும் ஏசுவை வணங்கலாமே! அதை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஒரு வழிபாட்டிலே எது தேவை, எது தேவையில்லை என்று வரையறுக்கும் உரிமை, அந்த வழிபாட்டை வெறுப்பவன் கையிலே இருத்தல் ஆகாது.

இரண்டாம் வாதம்: சவூதி அரேபியாவிலே தேவாலயம் கட்ட விடுகிறார்களா? விடுவதில்லை. அது கொடுமைதான், கண்டிக்கத்தக்கதுதான். ஆனால் தோழனே, சரயேவோவிலிருந்து வந்த தச்சனுக்கும் சவூதி மன்னனுக்கும் என்ன உறவு? மன்னன் செய்த பிழைக்கு மரவேலைக்காரன் பிணையா? மக்களாட்சி நாடு தன் நீதியை அளக்க, முடியாட்சி நாட்டின் முழக்கோலைக் கடன் வாங்குவதா? அவன் மோசம், ஆகவே நானும் மோசமாகும் உரிமை பெற்றேன் என்பது வாதமல்ல, வழுக்கல்.

மூன்றாம் வாதம்தான் முதன்மையானது. உன்னையும் என்னையும் தடுமாறச் செய்யக்கூடியதும் அதுவே. மக்கள் தீர்ப்பு இது! அரசனின் ஆணையல்ல, சர்வாதிகாரியின் சட்டமல்ல. 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாவடிக்கு வந்து, சீட்டை எடுத்து, வேண்டும் தடை என்று எழுதினர். மக்களே கூறிய பிறகு மறுப்பதற்கு நீ யார்?

தோழனே, வாக்கை நம்பி வாழ்பவர்கள் நாம். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்ற சொல்லைச் சுவரெல்லாம் எழுதிக் கை சிவந்தவர்கள் நம்மிலே உண்டு. ஆகவே இந்தக் கேள்விக்கு விடை கூறாமல் நழுவ நமக்கு உரிமையில்லை. விடையைச் சுவிட்சர்லாந்தின் வரலாற்றிலிருந்தே எடுத்துத் தருகிறேன், வேறெங்கும் போக வேண்டாம்.

1959ஆம் ஆண்டு. பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று அந்நாட்டிலே வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் யார்? ஆண்கள் மட்டும். மூன்றில் இரு பங்கினர், வேண்டாம் என்றனர். அதுவும் மக்கள் தீர்ப்புத்தான்! நாட்டிலே பாதியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே இருந்த பாதி கூறிய தீர்ப்பு. 12 ஆண்டுகள் காத்திருந்து, 1971இல்தான் பெண்கள் அந்த உரிமை பெற்றனர். மினாராத் தடைக்கு வாக்குகளை அள்ளித் தந்த அப்பென்செல் இன்னர்ரோடன் என்றேனே, அங்கே 1990இலும் ஆண்கள் கூடி, காண்டன் ஆட்சியிலே பெண்ணுக்கு வாக்கில்லை என்று கை தூக்கினர். அதே ஆண்டிலே உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, தூக்கிய கைகளின் எண்ணிக்கையால் உரிமையை மறைக்க முடியாது என்ற நெறியை நிலைநாட்டிப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று.

இன்னும் பின்னே செல்வோம். 1893. மக்களே கையெழுத்துத் திரட்டி அரசியல் சட்டத்தைத் திருத்தும் முறை அந்நாட்டிலே பிறந்து இரண்டே ஆண்டுகள். முதன்முதல் அந்த வழியிலே வென்ற திருத்தம் எது தெரியுமா? யூதர்கள் தம் மதமுறைப்படி விலங்குகளை அறுப்பதைத் தடை செய்யும் திருத்தம்! 60 விழுக்காட்டுப் பெரும்பான்மை. விலங்கின்மீது இரக்கம் என்பது மேலே போர்த்திய சால்வை, யூதன்மீது வெறுப்பு என்பது உள்ளே ஒளித்த குறுவாள். புத்தம் புதிய வாக்கு வாளுக்கு முதல் பலி, சிறுபான்மையோரின் சமையலறை!

அதற்கும் முன்னர், 1866 வரையிலே, விரும்பிய ஊரிலே குடியேறும் உரிமைகூட யூதர்களுக்கு அங்கே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு சிற்றூர்களே அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு வாயில்கள் வைத்துக் கட்டினர் அவ்வூர்களிலே, ஒன்று யூதனுக்கு, மற்றொன்று கிறித்தவனுக்கு. ஆனால், அதே எண்டிங்கனிலே ஒரு வியப்பும் உண்டு. அவ்வூரில் தேவாலயம் கிடையாது. 1852இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்திலேதான் கடிகாரமும் மணியும் உண்டு. ஊருக்கே நேரம் சொல்லியது அந்த மணி! யூத மணி அடித்ததென்று கிறித்தவனின் பொழுது விடியாமற் போகவில்லை.

கத்தோலிக்கர்களும் தப்பவில்லை. ஏசு சபைத் துறவிகள் நாட்டிலே இயங்கக்கூடாது, புதிய மடங்கள் கட்டக்கூடாது என்று 1874ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கூறியது. அதை நீக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1973இல்தான் மக்கள் வாக்களித்து அந்தக் கறையைத் துடைத்தனர்.

அடுக்கிப் பார், தோழனே! யூதன், துறவி, பெண், முஸ்லிம். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் வெளியே நிறுத்தப்படுகிறார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையே காரணமாகக் காட்டப்படுகிறது. பின்னாளிலே அந்த எண்ணிக்கைக்காக அந்த நாடே நாணித் தலைகுனிகிறது. 1959இன் பெரும்பான்மையை இன்று எந்தச் சுவிஸ்காரனும் நெஞ்சு நிமிர்த்திக் காட்டமாட்டான்.

அப்படியானால் வாக்கு வேண்டாமா? வேண்டும்! வரி எவ்வளவு, சாலை எங்கே, அமைச்சர் யார், போருக்குப் போவதா வேண்டாமா என்பதையெல்லாம் வாக்கு முடிவு செய்யட்டும். ஆனால், வாக்கு என்பது எல்லோரும் சமம் என்ற அடித்தளத்தின்மேல் கட்டிய மாளிகை. என் வாக்கும் உன் வாக்கும் ஒரே எடை என்பதாலே எண்ணுகிறோம். அந்தச் சமத்துவத்தையே பெயர்த்தெடுக்க ஒரு வாக்கெடுப்பு நடத்துவது, மாளிகையின் அடிக்கல்லை உருவி மாடி கட்டுவதற்கு ஒப்பாகும். எல்லாக் கோபுரத்துக்கும் உயரம் இவ்வளவே என்றால் அது கட்டட விதி. ஒரே ஒரு மதத்தின் கோபுரம் மட்டும் எழக்கூடாது என்றால் அது விதியல்ல, ஓரவஞ்சனை. அதற்கு 57 விழுக்காடு கிடைத்தால் பெரிய ஓரவஞ்சனை என்று பொருளே தவிர, நீதி என்று பொருளல்ல.

சட்டத்தின் வாயிலைத் தட்டினார்கள் சிலர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் அந்த மனுக்களை ஏற்க மறுத்தது. தடை நேர்மையானது என்று அது கூறவில்லை. மனுதாரர்கள் மினாரா கட்ட முனைந்து தடுக்கப்பட்டவர்கள் அல்லர், ஆகவே நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதே மறுப்புக்குக் காரணம். தடை அப்படியே நின்றது. 2017இல் வில் என்ற ஊரிலே அழகியதொரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது, மினாரா இல்லாமல். 2021 மார்ச்சிலே முகத்திரைக்குத் தடை கோரி மற்றொரு வாக்கெடுப்பு. அதைக் கொண்டுவந்ததும் முன்னைய குழுவினரே. இம்முறை 51.2 விழுக்காடு. 2025 ஜனவரி முதல் நாள் அந்தச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. கோபுரத்திலே துவங்கியவர்கள் முகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நல்லோரும் இல்லாமல் இல்லை. 2009 வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களிலே, லோசானுக்கு அருகே ஒரு காலணி வணிகர், தம் பண்டகசாலையின் புகைபோக்கியை மினாரா போல் அலங்கரித்து நிறுத்தினார். அவர் முஸ்லிம் அல்லர். தம் நாட்டாருக்கு நாணம் உணர்த்த அவர் கண்ட வழி அது.

இதிலே தமிழனுக்கு என்ன என்று கேட்பாயானால், கேள். 1983க்குப் பின் ஈழத்துக் கொடுமைகளிலிருந்து தப்பிச் சுவிட்சர்லாந்திலே புகலடைந்த தமிழர்களும் அவர்தம் மக்களுமாக, இன்று சுமார் 50,000 பேர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களும் முதலிலே கோயில் வைத்தது எங்கே? அதே தொழிற்சாலைக் கூடங்களிலே, அதே நிலவறைகளிலே! ஜூரிக்குக்கு அருகே அட்லிஸ்வில்லிலே முருகனுக்கு இடம் கிடைத்தது தொழிற்பேட்டையிலேதான். முஸ்லிமின் விரிப்பும் தமிழனின் விளக்கும் அயல்வீட்டுக்காரர்கள்.

2013இல், ஓல்ட்டனை ஒட்டிய ட்ரிம்பாக்கிலே மனோன்மணி அம்பாளுக்குத் தமிழர்கள் புதுக்கோயில் கட்டிக் குடமுழுக்கு நடத்தினர். கோபுரத்தோடு கட்டினர். ஓல்ட்டனுக்கு ஒரு புறம் வாங்கன், மறுபுறம் ட்ரிம்பாக். ஒரே காண்டன், ஒரே சட்டம். அங்கே 6 மீட்டர் கோபுரம் ஒன்றைக் கண்டு அரசியல் சட்டமே திருத்தப்பட்டது, இங்கே கோபுரம் எழுந்தது. நம் கோபுரம் தப்பியது என்று தமிழன் மகிழ்ந்து கைதட்டலாமா? அது தப்பியது நீதியால் அல்ல, அன்றைய சுவரொட்டியிலே அதன் படம் இல்லாததால்! 1893இலே யூதன், 2009இலே முஸ்லிம் என்று நகர்ந்து வரும் விரல், அடுத்து யாரைச் சுட்டும் என்று எவர் உறுதி கூற முடியும்?

அந்நாட்டுத் தலைநகரமாம் பெர்னிலே, 2014 டிசம்பரில் மதங்களின் இல்லம் என்ற பெயரில் ஒரு கட்டடம் திறந்தார்கள். ஒரே கூரையின் கீழே பள்ளிவாசலும், தேவாலயமும், பௌத்தர்களின் கூடமும், அலெவிகளின் மன்றமும், சைவநெறிக்கூடத்துத் தமிழர்களின் சிவன் கோயிலும்! அந்தக் கோயிலிலே வழிபாடு தமிழிலே நடக்கிறது, பெண்களும் பூசை செய்கிறார்கள். தமிழ் ஓதும் குரலும் அரபு ஓதும் குரலும் ஒரே கட்டடத்திலே ஒலிக்கின்றன. வானம் இடிந்து விழவில்லை. மினாராவுக்குத் தடை விதித்த அதே நாட்டிலேதான் இந்த இல்லமும் நிற்கிறது. எது அந்நாட்டின் உண்மை முகம் என்பதை, அடுத்த தலைமுறைச் சுவிஸ்காரன் முடிவு செய்வான்.

கும்பிடாதவன் நீ, கோபுரத்துக்கு ஏன் வாதாடுகிறாய் என்று ஒருவன் கேட்கக்கூடும். பள்ளிவாசலிலே தொழுபவன் அல்லன் நான், கோபுரத்தை நோக்கிக் கைகூப்புபவனும் அல்லன். ஆனால் தொழாதிருக்கும் என் உரிமையும், தொழுவதற்கான அவன் உரிமையும் ஒரே கொடியிலே பூத்த இரு மலர்கள். அவன் மலரைக் கிள்ள வாக்கெடுப்பு நடத்தலாம் என்று நான் ஒப்பினால், என் மலரைக் கிள்ள நாளை வாக்குப் பெட்டி வரும்போது தடுக்க எனக்கு வாய் ஏது? நம்பாதவர்கள் பல நாடுகளிலே சிறுபான்மையே என்பதை மறந்துவிடாதே!

ஆகவே, தோழனே, மேடையேறி மக்களாட்சியைப் பற்றி நீ முழங்கும்போது சுவிட்சர்லாந்தைச் சொல். தாராளமாகச் சொல். ஆனால் முழுமையாகச் சொல். கையெழுத்து ஒன்று சட்டத்தை அசைக்கும் பெருமையைச் சொல். 6 மீட்டர் கோபுரத்தைக் கண்டு அந்தச் சட்டமே வளைந்த சிறுமையையும் சொல். பெரும்பான்மை கிடைத்தால் ஆளலாம், ஆனால் அடுத்தவனின் தொழுகை இடத்தை அளந்து குறைக்க எந்தப் பெரும்பான்மைக்கும் உரிமையில்லை என்பதைக் கேட்போர் நெஞ்சிலே பதியவை. தோற்றவன் நிமிர்ந்து நடக்க முடிகிற நாட்டிலேதான், வென்றவனின் வாக்குக்கு மதிப்பு உண்டு!